தட்டில் ஏறிய தோல்

ஜூஸ் கடையில் உரிபட்ட சாத்துக்குடித் தோலைப் பார்த்துச் சுளைகள் சிரித்தன. "குப்பைக்குப் போற உனக்கு என்னடி இத்தனை மினுக்கு?"

தோல் அசரவில்லை. "என் அருமை தெரிஞ்சவங்க வருவாங்க" என்றது.

சொன்னபடியே ஆராய்ச்சிக்கூடத்துப் பூங்கோதை வந்து தோலை அள்ளிப் போனாள். கண்ணாடித் தட்டில் ராணி மாதிரி உட்கார்ந்ததும், கூடவே ஒட்டி வந்திருந்த இலையைத் தோல் முறைத்தது. "குப்பைக்குப் போற உனக்கு இங்கே என்ன வேலை?"



பூங்கோதை இலையை எடுத்து முகர்ந்தாள். "அட, இதையும் சோதிச்சுப் பார்ப்போம்" என்று தனித்தட்டில் வைத்தாள்.

தோலுக்குப் பக்கென்றது. இலை இப்போது என்ன திருப்பிக் கேட்குமோ?

இலை தோலின் பக்கம் திரும்பவே இல்லை. தன் காம்பை மேலும் கீழும் பார்த்தது.

"குப்பைக்குப் போற உனக்கு இங்கே என்ன வேலை?"