ட்ரூடேயின் பதினொரு படங்கள்

கூண்டின் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து கைபேசியை உள்ளே நீட்டினேன்.

ட்ரூடே மணல் வாளிக்குள் இருந்தாள். முன்னங்கால்களால் தோண்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

அசையாமல் இருந்ததால் படம் தெளிவாக விழுந்தது. பதினொன்றாவது படம். சனிக்கிழமை, பிற்பகல் 3.40. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஏமன் பச்சோந்தி, பெண், வயது ஒன்பது மாதம். ஆண் துணை இல்லாமலே வயிற்றில் முட்டை பிடித்துவிடும் என்பது எனக்குப் புதன்கிழமைதான் தெரியும். இணையத்தில் பச்சோந்தி வளர்ப்போர் மன்றத்தில் சொன்னார்கள். ஈர மணலில் குழி தோண்டி இட்டுவிட்டால் பிழைப்பாள். இடாவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி அவளைக் கொன்றுவிடும். நான் இருக்கும் காசல் நகரில் ஊர்வன பார்க்கிற மருத்துவர் ஒருவர்தான். அவர் திங்கட்கிழமைதான் வருவார்.

மன்றத்தில் எதைக் கேட்பதானாலும் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். முப்பத்திரண்டு கேள்விகள். எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. விளக்கின் அடியில் வெப்பத்தை மூன்று முறை அளந்து சராசரி போட்டேன். அப்படியும் சரியா என்று சந்தேகமாக இருந்தது.

"ஈரப்பதம் எழுபதா? ஏம்மா ஸ்வென்யா, நீ வளர்க்கிறது பச்சோந்தியா, காளானா?" என்று எழுதினார் ரூடிகர். இருபத்திரண்டு வருடமாக வளர்ப்பவர். மன்றத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் தங்க இலை இருக்கும்.

"இவளுக்கு ஒரு தங்கமீன் வாங்கிக் குடுங்கப்பா," என்று அதன் கீழே ஒருத்தி எழுதினாள். பத்தொன்பது பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஈரப்பதத்தையும் குறைத்தேன்.

ஆனால் வாளி வைக்கச் சொன்னது ரூடிகர்தான். முழங்கை ஆழத்துக்கு மணல். கையில் பிடித்தால் உதிராத ஈரம். வியாழக்கிழமை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ட்ரூடே தானாகவே இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள். நான் அழுதுவிட்டேன். அதை நோட்டில் எழுதவில்லை.

மன்றத்தில் எழுதினேன்.

"தோண்டுறாளா? படம் எங்கம்மா? படம் இல்லாம இங்க யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க. குழி எவ்ளோ ஆழம்னு தெரியுற மாதிரி எடு," என்றார் ரூடிகர்.

எடுத்தேன். சிறிது நேரத்தில் அவள் குழியை மூடிவிட்டுச் செடியில் ஏறிவிட்டாள். மணலில் ஏதோ தவறு என்று நினைத்து, ஏன் நிறுத்திவிட்டாள் என்று கேட்டேன். அடுத்த முறை தோண்டும்போது படம் போடு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். மாலைப் பள்ளிக்குப் போகாமல் காத்திருந்தேன். அவள் இறங்கினாள், தோண்டினாள், எடுத்தேன், மூடினாள். மணலை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். வாளியை மாற்றச் சொன்னார்கள். அதையும் மாற்றினேன்.

ஒவ்வொரு முறையும் குழியின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. அளந்து எழுதியிருக்கிறேன்.

இன்று காலை என் அறைத்தோழி இம்கே, பல் துலக்கிக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காரேன்டி. இப்படி ஒருத்தி உத்துப் பாத்துட்டே இருந்தா எனக்கெல்லாம் ஒண்ணுக்குக்கூட வராது."

அவளுக்குப் பச்சோந்தி பற்றி ஒன்றும் தெரியாது.

பதினொன்றாவது படத்தை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். இந்த முறை ட்ரூடே குழியை மூடவில்லை. செடியிலும் ஏறவில்லை. வாளியின் விளிம்பில் தாடையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

பகலில் கண்களை மூடினால் ஓய்வெடுக்கிறாள் என்று அர்த்தமா? கேட்டேன்.

ரூடிகர் உடனே வந்தார்.

"பகல்ல மூடிட்டாளா? அப்ப முடிஞ்சுதும்மா. திங்கக்கெழம வரைக்கும் தாங்காது."

சற்று இடைவெளி விட்டு இன்னொன்று எழுதினார்.

"இரு இரு. இந்தப் படமெல்லாம் அவ தோண்டிட்டு இருக்கும்போதே எடுத்ததா? பக்கத்துல உக்காந்து, கதவத் தெறந்து?"

ஆமாம் என்றேன். நீங்கள்தான் கேட்டீர்கள் என்றும் எழுதி, அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

"அட கடவுளே. தோண்டுறப்ப அவ கண்ணுல மனுசன் படவே கூடாதும்மா. பட்டா மூடிட்டுப் போயிடுவா. கூண்டச் சுத்தித் துணியக் கட்டிட்டு, ஓரமா ஒரு சின்ன ஓட்ட போட்டு அது வழியாத்தான் பாக்கணும். இதக் கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்?"

நாற்பத்து மூன்று பேர் அதை ஆமோதித்தார்கள். தங்கமீன்காரியும்தான்.

படிவத்தைத் திறந்தேன். நான்தான் எதையோ படிக்காமல் விட்டிருப்பேன். ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒவ்வொரு கேள்வியாக, விரல் வைத்துப் படித்தேன். துணி பற்றி எதுவும் இல்லை.

பிறகு பதினொரு படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன்.

அதுவரை குழியைத்தான் பார்த்திருந்தேன்.

ஒவ்வொரு படத்திலும் அவளுடைய ஒரு கண் குழிக்குள் இருந்தது. மற்றது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.