ராணுவ மரியாதை

"லெபனான்லேருந்து வந்து இத்தன மாசமாச்சு. இன்னும் சத்தம் கேட்டா நடுக்கமா?" மகனிடம் எரிந்து விழுந்தார் செல்லம்.

"அங்க முகாம் பக்கத்துலயே குண்டு விழுந்துச்சும்மா. கண்ண மூடினா அதுதான் வருது. ஜொகூர் பாருல ஒரு டாக்டர பார்க்கலாம்" என்றான் ஹேமநாதன்.

"பட்டாளத்துல இருந்துட்டு பைத்தியத்துக்கு மருந்தா? செனாய் ஊரே சிரிக்கும் லா!"

சமையலறையில் குக்கர் விசிலடித்தது. தொடர்ந்து பாத்திரங்கள் உருண்டன. ஹேமநாதன் பதறி ஓடினான்.

அடுப்படியில், ஐ.நா. அமைதிப்படையில் லெபனான் போய்த் திரும்பிய அவன் மனைவி லோஷினி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது.

பின்னாலேயே வந்த செல்லம் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"எந்திரிம்மா. உனக்கு மாலை போட கோயில் கமிட்டி ஆளுங்க வர்ற நேரமாச்சு. சாம்பார்கூட இன்னும் ஆகல!"