பச்சை ஒளிராத இருட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூட என் கைச்சரக்கு இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ஆய்வகத்தின் இருட்டறையில் நானும் என் மனைவி முத்துப்பேச்சியும் நிற்கிறோம். கதவிடுக்கில் கோடாகப் பகல் வெளிச்சம். அவளைக் கடித்த நாய் மறுநாளே மில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துவிட்டது. கடிபட்ட அன்றே ஊசி போட ஆரம்பித்தாயிற்று. ஆனாலும் நாய்க்கு வெறி இருந்ததா என்ற பயத்தில் நாலு நாளாக அவள் சோறு தொடவில்லை. நாயின் மூளைத் துணுக்கு தடவிய கண்ணாடித் துண்டில் ஆய்வகப் பெண் ஷாஹினா ஆன்டிபாடியைச் சொட்டுகிறாள். வெறிநோய்க் கிருமியின் உட்புறப் புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். மைக்ராஸ்கோப்பில் குனிகிறேன். லட்சம் ஆன்டிபாடிகள் கையில் பச்சை விளக்கோடு வீடு வீடாகக் கதவைத் தட்டுகின்றன. உள்ளே ஒரு பயலும் இல்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, வரிசை கலையாமல் கழுவும் நீரோடு வெளியேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போடுகிறேன். கடைசி விளக்கும் போனதும் கண்ணாடி இருண்டு கிடக்கிறது. அவ்வளவு அழகான இருட்டை நான் கண்டதில்லை. "வெறி இல்லங்கம்மா, நல்லாச் சாப்பிடுங்க" என்கிறாள் ஷாஹினா. முத்துப்பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "நீ நல்லா இருக்கணும் தாயி. அப்படியே இந்த மனுசனையும் செத்த பாத்துரு. நாப்பது வருசமாக் கொரைக்கிறாரு." சோதனை முடிவு எங்களுக்குப் போனில்தான் வந்தது, அந்த ஆய்வகத்தின் வாசற்படியைக்கூட நாங்கள் மிதித்ததில்லை.