பானெட்டின் அடிப்பக்கம்

கார் பானெட்டைக் குப்புறப் போடச் சொன்னேன்.

"மேலதான் யக்கா வெளிய தெரியும். அடியில இன்னா கீது?" என்றான் பாரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், என்னை அக்கா என்கிறான். வியாபாரம் அப்படி.

"போடு" என்றேன்.

போட்டான். திருவொற்றியூரில் எண்ணூர் சாலையை ஒட்டிய அவன் பட்டறையில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகாகச் செய்து தள்ளியவன். படகு கேட்டு யாரும் வராமல் போனதும் கார் பாடிக்கு மாறியிருந்தான். இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். பானெட், கதவு, மட்கார்டு என்று பாடியைத் தனித்தனியாக அவன் கொடுப்பான். வாங்குகிறவர் பழைய ஃபியட்டின் இன்ஜினைத் தேடிப் பிடித்து, இரும்பில் சேசிஸும் செய்து, தானே பூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாடிதான் வேண்டும் என்று என் புருஷன் தீனா ஒற்றைக்காலில் நின்றான். தண்டையார்பேட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ஊரார் வண்டிகளை ரிப்பேர் பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது, தனக்கென்று ஒரு காரைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இரும்பு தெரியும், ஃபைபர் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்னால் காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ரெசின் பசை பூசியவள். "நீ பாத்து சரின்னா சரி மதி" என்று கூட்டிவந்திருந்தான்.

பட்டறைக்காரன் பாரி என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பாரி ஒரு காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவன். வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அம்மா, சித்தி, அத்தை என்று ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்தார்கள். நடக்கச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார்கள். அத்தைக்காரி என் பின்னலை அவிழ்த்து, சவுரி வைத்திருக்கிறேனா என்று இழுத்துப் பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பாரி பஜ்ஜி தின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களிடமிருந்து அப்புறம் பேச்சு மூச்சே இல்லை.

இப்போது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருந்தால்தானே.

எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பானெட்டின் அடிப்பக்கம் முழுக்க உள்ளங்கையால் தடவினேன். ரெசின் குடிக்காத நார் எங்காவது வெள்ளையாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசால் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தட்டினேன். உள்ளே காற்று நின்றிருந்தால் பொத்தென்று கேட்கும். நிமிர்த்தி ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, அதன்மேல் விழும் வெளிச்சக்கோடு நெளிகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். கதவை மாட்டச் சொன்னேன். இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று நகத்தை ஓட்டினேன். கழற்றச் சொன்னேன். மறுபடி மாட்டச் சொன்னேன்.

ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவன் அத்தையும் அப்படித்தான் "ம்" போட்டாள்.

பாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "நீங்க எடுத்துக்கினா இத்த காட்டியே நாலு பேரப் புடிப்பேன் யக்கா. கையில வேற ஆர்டர் கெடியாது. பட்டறைய மூடற மாரி கீது" என்றான். எதிர்க்கடைக்கு ஓடிப் போய் இரண்டு கலர் சோடா வாங்கிவந்தான். அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். தீனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவன் தமிழ்நாட்டில் உண்டா? பாரியின் முகம் செத்துப்போனது. தீனா பைக் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

வாசல் வரைக்கும் பாரி பின்னாலேயே வந்தான். "இன்னா குறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போக்கா. சரி பண்ணிக்கிறேன்."

பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பைக் உடனே நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பாரி கதவைக் கழற்றி வெயிலுக்குத் தூக்கிவந்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடியும் தட்டினான்.

அதில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு பாடியைத் தீனாவுக்கு இனி எங்கே தேடிக் கொடுப்பேனோ, எனக்கே தெரியாது.

பாரி தேடட்டும். நானும் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேடியவள்தான். பல்லா, நிறமா, கையில் அடிக்கும் ரெசின் வாடையா என்று தேடினேன். தாலி ஏறிய பிறகும் தேடினேன்.