ஏழாம் நம்பர்

"ஏழாம் நம்பரைத் தூக்கிப் போட்டுடலாம் சார். அது ஒண்ணுதான் மானத்தை வாங்குது."

ஆய்வுக்கூட உதவியாளர் இதைச் சொன்னபோது அவன் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தான். எழுந்து, பல் துலக்கி, நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். காலை என்றால் அவனுக்கு அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்தில் அவனை டாக்டர் என்பார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை சொல்லத் தெரியாத டாக்டர். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு மைக்ரோ ஆர்என்ஏ. செல்லுக்குள் சில மரபணுக்களின் வாயை அடைப்பதே அந்தத் துணுக்கின் பிழைப்பு. ரத்தத்தில் கிருமி புகுந்தால், காய்ச்சல் வருமுன்பே அது எகிறிவிடும் என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் இதுவரை வேறு யாரும் சேரவில்லை.

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நலமாக இருந்த ஊழியர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் அவனே ரத்தம் எடுத்திருந்தான். எல்லாக் குழாய்களும் சேரும்வரை அவற்றை உறைபெட்டியில் தூங்கவிடுவது வழக்கம். போன வாரம்தான் பரிசோதித்தார்கள். நலமானவர்களில் ஏழாம் நம்பர் மட்டும் நோயாளிகளையே மிஞ்சியிருந்தது.

குழாய் மாறியிருக்கும் என்றாள் உதவியாளர். மாறவில்லை என்றான்.

"அப்போ நீங்க குத்தின லட்சணம்தான். சிவப்பணு உடைஞ்சாலும் இது கூடும்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

மூன்று தடவை குத்தியது உண்மை என்று ஒப்புக்கொண்டான். ஊசி பிடிப்பதில் அவனைவிடக் கொசு தேவலை. ஆனால் சிவப்பணு உடையவில்லை, அதையும் சோதித்துவிட்டான்.

அதை நீக்கினால் கட்டுரையை இன்றே அனுப்பிவிடலாம் என்றாள்.

"நீக்க வேணாம்மா. தனியாப் போடு. காய்ச்சலுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் நம்மகிட்ட அது ஒண்ணுதான்."

"அவங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு யார் சார் சொன்னா?"

"நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அவள் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அவன் மனைவியின் சாவுக்கு வந்தவள்தான் அவளும்.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றே சொல்லியிருந்தான். தொண்டைக்குள் குழாய் இறக்குமுன் அவள் உண்மையில் கேட்டது வேறு.

"ஏங்க, அன்னைக்கு என் ரத்தம் எடுத்தீங்களே... பாஸா, ஃபெயிலா?"