எஞ்சிய எழுத்துகள்

புகார்ப் பிரிவில் வேலை பார்த்த அக்கா, தம்பி செய்துகொடுத்த இணையப் பக்கத்தில்தான் புகார்களைப் பதிவு செய்வாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பாள். ஐந்நூறு எழுத்தைத் தாண்டினால், அனுப்பிய பிறகுதான் சர்வர் சொல்லும்: 'அதிகம். மீண்டும் எழுதவும்.' அடித்ததெல்லாம் அழிந்திருக்கும்.

"இன்னும் எத்தனை எழுத்து மிச்சம்னு அடிக்கும்போதே காட்டக் கூடாதாடா?"

"அரை மணி நேர வேலைதான்க்கா. அடுத்த வாரம் போட்டுடறேன்."

அக்கா கண்ணை மூடிய பிறகுதான் அவனுக்குக் கை ஒழிந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து, எழுதும் பெட்டிக்குக் கீழே ஓர் எண் வைத்தான். எழுத்துக்கு ஒன்றாகக் குறையும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சோதிக்கப் பக்கத்தைத் திறந்தான். அவன் எதையும் தொடவில்லை. பெட்டி காலியாகவே இருந்தது. எண் மட்டும் 499 ஆயிற்று. பிறகு 498. பழகிய அதே நிதானத்தில் குறைந்துகொண்டே போனது.

வரம்பைக் கூட்டலாம். ஆனால் அதற்குப் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும், அடித்ததெல்லாம் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான்.

எண் பூஜ்யத்தையும் தாண்டி இறங்கியது. அனுப்பும் பொத்தான் தானாக அமுங்கியது.

'அதிகம். மீண்டும் எழுதவும்.'

எண் 500க்குத் திரும்பி, வெகுநேரம் அசையாமல் நின்றது.

பிறகு 499.