ஒன்பது வருஷமாகச் சாகிற எலி

திரையில் கத்தரி எலியின் வயிற்றுக்குப் போன நேரத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற கூட்டுகிற அம்மாள் சிரித்தாள்.

சத்தமில்லாத சிரிப்புதான். ஆனாலும் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "காட்டேரிக்கு வாயூறுது டோய்" என்றான் ஒருவன். அம்மாள் துடைப்பத்தை நகர்த்தவில்லை. திரையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

அந்த விலங்கியல் துறையில் ஒன்பது வருஷமாக இந்த ஒரே எலிதான் செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் வகுப்புக்கு நாற்பது எலி செத்தது. ஓய்வு பெற்றுப் போன பேராசிரியர் இந்த வீடியோவை எடுத்து வைத்த பிறகு, எலிக்கூண்டுகளில் பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கின்றன.

வீடியோவில் முதலில் பேராசிரியரின் பெயர் வரும். பிறகு அவர் குரல், பிறகு உறை போடாத இரண்டு கை. வலது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டு, வெட்டுவதற்கு முன்னால் பலகையை இரண்டு தட்டு தட்டும். "பேராசிரியரோட கையப் பாருங்க, ஒரு நடுக்கம் உண்டா?" என்று விரிவுரையாளர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் துறைத் தலைவரிடம் போனார்.

"வீடியோ போடற நேரமாப் பாத்து அந்தம்மா வந்து நிக்கிறாங்க சார். இன்னிக்குச் சிரிக்க வேற செஞ்சாங்க. புள்ளைங்க பயப்படுது."

"அவங்கள எடுக்க முடியாதுப்பா. புருஷன் நம்ம லேப்ல அட்டெண்டரா இருந்து செத்தவன். அதுக்காகக் குடுத்த வேலை. நீ வீடியோவ எடுத்துடு. அதான் புதுசு வந்திருச்சே."

சாயங்காலம் வகுப்பறை காலியான பிறகு விரிவுரையாளர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அம்மாள் ஈரத் துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பழச எடுக்கப் போறீங்களாமே சார்."

"ஆமா. மங்கலா இருக்கு. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"எனக்கு நல்லாத் தெரியுதே."

"நீங்க என்ன பரீட்சையா எழுதப் போறீங்க?"

அம்மாள் துணியைப் பிழிந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை.

"வேற எங்கயாச்சும் இருக்குமா சார், இதே மாதிரி இன்னொண்ணு?"

"ஒரு சிடி இருந்துச்சு. கீறல் விழுந்து தூக்கிப் போட்டாச்சு."

"அப்ப இதாவது இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு ஓரமா."

"இது என்ன பரணாம்மா, ஓரமாப் போட்டு வைக்க? புதுசப் பாருங்க. ரத்தமே கிடையாது."

புது வீடியோவில் கண்ணாடியில் செய்ததுபோல ஓர் எலி தானாகத் திறந்துகொண்டது. ஈரலும் குடலும் தனித்தனியாக மேலே மிதந்தன. பிறகு அதனதன் இடத்துக்குப் போய்ப் படுத்தன. வயிறு மூடிக்கொண்டது. அம்மாள் குனிந்து திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள்.

"இதுல கையே காணோமே."

"கை எதுக்கு? எல்லாம் கம்ப்யூட்டரே வெட்டிரும்."

அம்மாள் தலையாட்டினாள்.

"பழச ஒரே ஒரு தடவை போடுங்க சார். முழுசா வேண்டாம். வெட்டறதுக்கு முன்னாடி வரைக்கும் போதும்."

"எனக்கு அஞ்சு மணி பஸ் போயிரும்மா" என்றார் விரிவுரையாளர். அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். குப்பைக்குப் போனதையும் மறக்காமல் காலி செய்தார்.

அம்மாள் அழவில்லை, முனகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். முகம், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. விரிவுரையாளருக்குத்தான் என்னமோ போல் ஆகிவிட்டது.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. செத்த எலியப் பாத்துச் சிரிக்கறதுக்கு அதுல அப்படி என்னதான் இருக்கு?"

அம்மாள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். மூலைவரை துடைத்து முடித்தாள். பிறகு சுண்டுவிரலை மட்டும் நீட்டி, மேஜையை இரண்டு தட்டு தட்டினாள்.

"எலிய யாரு சார் பாத்தா? அது எங்க வீட்டுக்காரர் கை."